கக்கூஸ் யோம் அடித்த கடைசி மணி

மணி அடித்தது.

யுசான் நகர மையத்துப் புறக்காவல் நிலையத்தின் சுவரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது.

கான்ஸ்டபிள் பாங் தேகில் ஒரு கையில் முட்டை டோஸ்ட்டும் இன்னொரு கையில் காபி டம்ளருமாக நின்றுகொண்டிருந்தான். எதைக் கீழே வைப்பது என்று யோசித்தான். கடைசியில் காபியை மேசையில் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தான்.

மின்பலகையில் எழுத்துகள் ஓடின.

குடிமக்கள் அரங்கம். இரண்டாவது மாடி. பெண்கள் கழிப்பறை.

அந்த அரங்கம் இன்னும் திறக்கப்படவே இல்லை. இன்று மதியம் மூன்று மணிக்குத்தான் விழா. மேயர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட வேண்டும். அப்படிப்பட்ட கட்டடத்தில், காலை ஏழு மணி சுமாருக்கு, பெண்கள் கழிப்பறையிலிருந்து அவசர மணி...

வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். தேகில் கொட்டாவி விட்டான்.

"யோம் சார்தானே?"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. கனமான மூச்சு.

"சார்?"

"மணி..." என்றது குரல். "மணி... கேக்குதா?"

"நல்லாவே கேக்குது சார். நேத்தும் கேட்டுச்சு, முந்தாநாளும் கேட்டுச்சு. டெஸ்ட் ஓகேன்னு எழுதிக்கறேன். வெச்சிடட்டுமா?"

மூச்சு.

"வெச்சிடறேன் சார்."

வைத்துவிட்டான். டோஸ்ட் ஆறுவதற்குள் தின்றும் முடித்தான்.

யோம் சங்ஹா என்ற பெயரைச் சொன்னால் மாநகராட்சி அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கக்கூஸ் யோம்' என்றால் பியூனிலிருந்து மேயர் வரைக்கும் சிரிப்பார்கள். நகரத்தின் நடுவே எந்தப் பொதுக் கட்டடம் எழும்பினாலும் அதற்கென்று சில விதிகள் உண்டு. படிக்கட்டு எவ்வளவு அகலம், தீப்பிடித்தால் ஓட எத்தனை வாசல், பார்வையில்லாதவர் நடக்கத் தரையில் மஞ்சள் புள்ளிக்கல் எங்கே, பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை... இதையெல்லாம் சரி பார்ப்பது யோமின் வேலை. பழைய அரங்கில் இடைவேளை விட்டால் பெண்கள் வரிசை மாடிப்படி வரைக்கும் நிற்கும். புதியதில் அப்படி நிற்கக்கூடாது என்று மனுஷன் கூட்டத்துக்குக் கூட்டம் கழிப்பறைக் கணக்கைப் பேசினார். அதற்குக் கிடைத்த பட்டம்தான் அது.

இந்த ஒரு வாரமாகத் தினமும் காலையில் போய், ஒவ்வொரு கழிப்பறையிலும் இருக்கும் அவசரப் பொத்தானை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கினால் வெளிச்சுவரில் சிவப்பு விளக்கு சுற்றும், சைரன் ஊதும், பேசும் லைன் நேராகப் போலீசுக்கு வரும்.

கொஞ்ச நேரம் கழித்து டோஸ்ட் கடைக்கார அம்மாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் தோசைக்கரண்டி.

"ஏன் தம்பி, அந்தப் புதுக் கட்டடத்து விளக்கு சுத்திக்கிட்டே கெடக்கே. சத்தம் காதைக் கிழிக்குது. வர்றவன் எல்லாம் டோஸ்ட்டை விட்டுட்டு அதையே பார்க்கிறான். நிறுத்த மாட்டீங்களா?"

தேகில் சிரித்தபடி நிமிர்ந்தான்.

சிரிப்பு நின்றது.

யோம் மணியை அமுக்கினால் அவரே அணைத்தும் விடுவார். ஒரு நாளும் இவ்வளவு நேரம் சுற்றவிட்டதில்லை.

தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினான்.

*

அரங்கத்தின் வாசலில் மூன்றடுக்குப் பூவளையங்கள் வரிசையாக நின்றன. 'வாழ்த்துகள்' என்று ரிப்பனில் எழுதியிருந்தது. ரிப்பனை மாற்றினால் இதே வளையம் சாவு வீட்டுக்கும் போகும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். காவலாளி காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"எனக்கு அணைக்கத் தெரியல தம்பி. யோம் சார் வழக்கம்போல டெஸ்ட் பண்றார்னு இருந்துட்டேன்."

தேகில் படியேறினான். இரண்டாவது மாடியில் இன்னும் விளக்குப் போடவில்லை. கருஞ்சாம்பல் நிறக் கல் தரை. அரை இருட்டு. பெண்கள் கழிப்பறையில் மட்டும், ஆள் நுழைந்தால் தானாக எரியும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

வரிசையாகக் கதவுகள். எல்லாம் திறந்திருந்தன, முதல் கதவைத் தவிர.

"யோம் சார்?"

பதில் இல்லை. தள்ளினான். கதவு அசைந்தது, திறக்கவில்லை. உள்ளே ஏதோ முட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது. குனிந்து கீழே பார்க்கலாம் என்று மண்டியிட்டான். கன்னத்தைத் தரையில் வைத்தும் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து அறைக்குள் போய், பீங்கான் கோப்பை மேல் ஏறி நின்று, தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

யோம் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையின் பின்பக்கம் பிளந்து, சட்டைக் காலர் முழுக்க ரத்தம். ஒரு கை மட்டும் மேலே நீண்டு, பொத்தானுக்குக் கீழே சுவரில் ரத்தக் கோடு போட்டுக்கொண்டு இறங்கியிருந்தது.

கண் திறந்திருந்தது.

தேகில் இறங்கி வந்து வாஷ்பேசினில் டோஸ்ட்டையெல்லாம் வாந்தி எடுத்தான்.

மணி கேக்குதா என்று மனுஷன் கேட்டார். கேக்குது, வெச்சிடறேன் என்று சொன்னவன் அவன்தான்.

*

இன்ஸ்பெக்டர் ப்யோ சன்னோக் வந்து சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி. வாயில் எப்போதும் ஜின்செங் வேர் மிட்டாய். யாரையும் நம்பாத கண்.

மாடி வராந்தாவில் புத்தம் புதுச் சிவப்புக் கம்பளம் நீளமாக விரித்திருந்தது.

"செத்தவருக்கு வரவேற்பா?" என்றாள்.

"மேயர் மேல வந்து பார்ப்பார் மேடம்." சொன்னவர் நகர வளர்ச்சி டைரக்டர் மெங். யோமின் மேலதிகாரி. கறுப்பு கோட்டு, நெஞ்சில் பட்டுப்பூ, கையில் மாட்டிய, ரிப்பன் வெட்டுவதற்கான வெள்ளைக் கையுறை. கண் கலங்கியிருந்தது. "பாவம் யோம். பதினேழு வருஷம் என்கிட்ட இருந்தவர். ஈரத் தரை, வழுக்கிட்டார். எத்தனை தடவை சொன்னேன், தனியா வராதேன்னு."

"வழுக்கினார்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"வேற என்ன மேடம்? கக்கூஸ்ல வேற எப்படிச் சாவாங்க?"

சன்னோக் கழிப்பறைத் தரையைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினாள்.

கீழிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது.

"எவன்டா என் கட்டடத்துல செத்தது? அதுவும் இன்னிக்கு!"

புரொபசர் நாம்குங். அரங்கத்தை வரைந்த கட்டடக்கலைஞர். கழுத்தை மூடிய கறுப்புச் சட்டை, வட்டக் கண்ணாடி, பரிசு வாங்கிய திமிர். யார் செத்தது என்று சொன்னதும் அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"அந்த ஆளா? அவன் என் கட்டடத்தைத் தினம் தினம் கொன்னான் அம்மா. கடல் மாதிரி ஒரே கல்லுல தரை போட்டேன். அதுல அம்மை போட்ட மாதிரி மஞ்சள் புள்ளிக்கல்லைப் பதிக்க வெச்சான். காபி அரங்கு இருந்த இடத்தைப் பிடுங்கிக் கக்கூஸ் கட்ட வெச்சான். எங்க பார்த்தாலும் மணி, கைப்பிடி, சரிவுப் பாதை... இது கலைக்கூடமா, ஆஸ்பத்திரியா?"

"அதான் கொன்னுடுவேன்னு சொன்னீங்களோ?" சன்னோக் அமைதியாகக் கேட்டாள்.

நாம்குங் திரும்பி மெங்கை முறைத்தார். "யார் சொன்னது? இவரா?"

மெங் தலையைக் குனிந்துகொண்டார். "கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால சொன்னீங்களே சார். மறைக்க முடியுமா?"

"சொன்னேன். கோபத்துல சொன்னேன். ராத்திரியிலேருந்து காலை எட்டு மணி வரைக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கத்துல, ராத்திரி தங்க இடம் தர்ற வெந்நீர்க் குளியல் மண்டபத்துல தூங்கிக்கிட்டிருந்தேன். போய்க் கேளுங்க."

"கேக்கத்தான் போறோம்" என்றாள் சன்னோக். அவள் பார்வை மட்டும் அவரை விடவில்லை.

*

தேகில் கீழே ஹாலில், கருங்கல் சுவருக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஆள் உயரத்துக்கு மேல் பளபளக்கும் கல். அரங்கம் எழுப்பியவர்களின் பெயர்களைப் பொன் எழுத்தில் வெட்டியிருந்தார்கள். முதலில் மேயர். இரண்டாவது டைரக்டர் மெங். யோமின் பெயர் எங்கேயும் இல்லை.

பக்கத்தில் ஒரு காபி டம்ளர் நீண்டது. மெங்.

"குடிப்பா. முகம் வெளுத்துப் போச்சு. முதல் பிணமா?"

"இல்ல சார்..." தேகில் டம்ளரை வாங்கிக்கொண்டான். நல்ல மனிதர். அப்பாவைப் போலப் பேசுகிறார். அடக்க முடியவில்லை. "மணி அடிச்சார் சார். நான்தான் எடுத்தேன். டெஸ்ட்னு நெனச்சு வெச்சிட்டேன். மூச்சு வாங்கினார்... நான் டோஸ்ட் தின்னுக்கிட்டிருந்தேன்."

மெங் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவன் தோளில் கை வைத்தார்.

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத."

தேகில் நிமிர்ந்தான்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"வர்ற மாசம் சார்."

"அப்ப நல்லாக் கேளு. இது தெரிஞ்சா உன் யூனிஃபார்ம் போயிடும். டிவியில உன் முகத்தைப் போட்டுக் காறித் துப்புவாங்க. அவர் விழுந்த உடனே போயிட்டார். அந்த மணி, புது ஒயரிங், தானா அடிச்சிருக்கும். மணியில கோளாறுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உன் நோட்டுல டெஸ்ட்னுதானே இருக்கு? அப்படியே இருக்கட்டும். மூணு மணிக்கு விழா நடக்கட்டும். யோமும் அதைத்தான் விரும்புவார்."

எவ்வளவு இதமாக இருந்தது அந்தப் பேச்சு! வெந்நீரில் கால் வைத்த மாதிரி. தேகிலின் தலை தானாக ஆடியது. சரி என்பது போல ஆடியது.

ஆடிய அடுத்த நொடியே அவனுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு ஆளா என்று தோன்றியது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

*

பதினொரு மணிக்கு வாசலில் பள்ளிப் பேருந்துகள் வந்து நின்றன. ஒத்திகைக்கு. மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளைகள் இறங்கி வரிசை கட்டின.

மேயர் அலுவலகத்திலிருந்து சன்னோக்குக்குப் போன் மேல் போன்.

"பிள்ளைங்களை உள்ள விடலாமான்னு கேக்கறாங்க மேடம்" என்றான் தேகில்.

"விபத்துன்னா விடலாம். கொலைன்னா விடக்கூடாது. அவ்வளவுதான்." சன்னோக் மிட்டாயைக் கடித்தாள். "மெங்கைக் கூப்பிடு. வாக்குமூலம் வாங்கிடலாம். காலையில மாடியிலேருந்து அவர் இறங்கி வந்ததைக் காவலாளி பார்த்திருக்கார்."

மெங் வந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கையுறையை மட்டும் கழற்றவில்லை.

"ஆமா மேடம், வந்தேன். மறைக்க என்ன இருக்கு? மேயர் நடக்கிற வழியைப் பார்க்க வந்தேன். திரும்பறப்ப பெண்கள் கழிப்பறையில வெளிச்சம். வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தேன். உள்ள போகல, எனக்கு அந்தக் கூச்சம் உண்டு. முதல் கதவு சாத்தியிருந்துச்சு. அடியில பழுப்பு ஷூ தெரிஞ்சுது. யோமோட ஷூ. ஊருக்கே தெரியும், வருஷம் பூரா ஒரே ஷூ. 'யோம், நீங்களா'ன்னேன். 'எண்ணிக்கிட்டிருக்கேன் சார்'னு குரல் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே இறங்கிட்டேன்." குரல் உடைந்தது. "அப்புறம்தான் வழுக்கியிருக்கணும். கூட நின்னிருக்கலாம் நான்..."

"அப்ப நீங்க போறப்ப அவர் உயிரோட இருந்தார்."

"பேசினாரே மேடம்!"

சன்னோக் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது.

சுவரோரம் நின்ற தேகில் சட்டென்று தலையைத் தூக்கினான்.

அடியில ஷூ தெரிஞ்சுது.

காலையில் அவன் மண்டியிட்ட இடம் அது. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்த கதவு.

சொன்னால் எல்லாம் வெளியே வரும். எதற்கு ஓடினாய், எப்போது ஓடினாய், மணி அடித்த உடனே ஏன் ஓடவில்லை? யூனிஃபார்ம், கல்யாணம், டிவி... மெங் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தார். அப்பாவைப் போன்ற அதே பார்வை. 'நமக்குள்ள இருக்கட்டும்' என்ற பார்வை.

அந்தப் பார்வைதான் தாங்க முடியாமல் போனது. சாக்கடைக்குள் நின்றுகொண்டு, வா தம்பி, இதமாக இருக்கிறது என்று கூப்பிடுகிற பார்வை.

"மேடம்" என்றான். "சார் பொய் சொல்றார்."

மெங்கின் கைக்குட்டை பாதியில் நின்றது.

"என்னப்பா?" என்றாள் சன்னோக்.

"அந்தக் கதவுக்கு அடியில ஷூ தெரியாது மேடம். ஒண்ணுமே தெரியாது. கதவு தரை வரைக்கும் இருக்கு. நான் படுத்துப் பார்த்தேன், விரல்கூட நுழையல. பக்கத்து அறையில ஏறித்தான் அவரைப் பார்த்தேன்." மூச்சை இழுத்தான். "இன்னொண்ணும் இருக்கு. அவர் மணி அடிச்சு என்கூடப் பேசினார். டெஸ்ட்னு நெனச்சு நான் வெச்சிட்டேன். அதை யார்கிட்டயும் சொல்லாதேன்னு சார்தான் காபி வாங்கிக் குடுத்தார்."



சன்னோக் எழுந்து வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். "புரொபசர்! ஒரு நிமிஷம் வாங்க. கழிப்பறைக் கதவு உங்க வரைபடத்துல எப்படி?"

நாம்குங் வெடித்தார். "அதை வேற ஞாபகப்படுத்தறீங்களா? தரையிலேருந்து ஒரு சாண் மேல, காத்துல மிதக்கிற மாதிரி வரைஞ்சேன். அந்த யோம் வந்து, அடியில செல்போனை நுழைச்சுப் படம் எடுக்கிற பொறுக்கிங்க இருக்காங்க, இப்ப சட்டமே இடைவெளி கூடாதுங்குதுன்னு சொல்லி, வேலை நடக்கிறப்பவே எல்லாக் கதவையும் தரை வரைக்கும் இறக்கிட்டான். ஒவ்வொண்ணும் நிமிர்த்தி வெச்ச சவப்பெட்டி மாதிரி நிக்குது."

"வரைபடத்தைத் திருத்தினீங்களா?"

"திருத்துவேனா நான்? என் படம் என் படமாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

சன்னோக் மெங் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்துபோயிருந்தது.

"கட்டடம் முடிஞ்சுது, எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே டைரக்டர்? ஒவ்வொரு அறையா நேர்ல போய்ப் பார்த்ததா எழுதிப் போட்டிருப்பீங்களே?"

மெங் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"நீங்க அந்தக் கழிப்பறையை எட்டிக்கூடப் பார்த்ததில்ல. ஆபீஸ்ல ஏசியில உட்கார்ந்து படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்க. இன்னிக்குச் சொன்ன பொய்யையும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொன்னீங்க. தூ..." உண்மையிலேயே துப்பிவிடுவாள் போலிருந்தது. "அந்தக் கம்பளத்தை விரிக்கச் சொன்னது யாரு தேகில்?"

தேகிலுக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. "சார்தான் மேடம். நான் கழிப்பறைக்குள்ள பிணத்துக்குக் காவல் நின்னப்ப ஆட்களைக் கூட்டிட்டு வந்து விரிச்சார். நான்... நான் தடுக்கல."

"சுருட்டு."

சுருட்டினான்.

கருஞ்சாம்பல் கல்லில் ரத்தம் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் நடுவே ஓடிய மஞ்சள் புள்ளிக்கல்லில் தெரிந்தது. புள்ளிகளுக்கு இடையே திட்டுத் திட்டாகக் காய்ந்து, கை பதிந்த தடம், மறுபடியும் கை, மறுபடியும் கை. பின்தலையில் ரத்தம் வழிய, இருட்டில், பார்வையில்லாதவர்களுக்காகத் தான் சண்டை போட்டுப் பதிக்க வைத்த புள்ளிகளைத் தடவிக்கொண்டே மனுஷன் ஊர்ந்திருக்கிறார். போலீசுக்கு லைன் இருக்கிற ஒரே இடத்துக்கு.

நாம்குங் கண்ணாடியைக் கழற்றினார். அம்மை என்று சொன்ன வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

தடம் வராந்தாக் கோடியில் இருந்த அவசரப் படிக்கட்டிலிருந்து வந்தது. இறங்கினார்கள். படிகளில் ரத்தம் தெளித்துக் கிடந்தது. கடைசிப் படிக்கு எதிரே இரும்புக் கதவு. மேலே பச்சை விளக்கில் ஓடுகிற மனிதன் படம். 'வெளியே செல்லும் வழி'.

சன்னோக் கதவைத் திறந்தாள்.

கல்.

வழி இல்லை. வாசல் இல்லை. கையால் தட்டினால் சத்தம்கூட எழாத தடித்த கல்.

"இங்க வாசல் இருக்கு!" நாம்குங் கத்தினார். "என் படத்துல இங்க ரெண்டாள் அகலத்துக்கு வாசல் இருக்கு! நேரா ஹாலுக்குப் போகும்! எவன் அடைச்சான் இதை?"

தேகிலுக்குப் புரிந்தது. காலையில் அவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் கல்லின் மறுபக்கத்தை. பொன் எழுத்துப் பக்கத்தை.

"பேர் பொறிக்க வேற இடமே கிடைக்கலையா டைரக்டர்?" என்றாள் சன்னோக்.

மெங் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து ராத்திரிதான் கல்லை நிறுத்தினோம். மேயர் நுழைஞ்சதும் கண்ல படணும்னு சொன்னாங்க. அந்த இடம்தான் எடுப்பா இருந்துச்சு. இன்னொரு படிக்கட்டு இருக்கேன்னு விட்டேன். தீ என்ன தினமுமா பிடிக்கப் போகுது? இன்னிக்குக் காலையில வந்து கதவைத் திறந்து பார்த்துட்டான். மேல ஏறி வந்து, விழாவை நிறுத்தப் போறேன், பிள்ளைங்களை உள்ள விட மாட்டேன், கல்லை உடைக்கணும்கிறான். எத்தனை கெஞ்சினேன்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுன்னேன். என் பேரு மேடம்... கல்லுல வெட்டின என் பேரு. என் சட்டையைப் பிடிச்சான். தள்ளினேன்."

"தள்ளி?"

"அசைவே இல்ல. செத்துட்டான், படியில விழுந்ததா இருக்கட்டும்னு போயிட்டேன். அப்புறம் சைரன் கேட்டுத் திரும்பி வந்தா... கக்கூஸ்ல கிடக்கிறான்கிறாங்க. மஞ்சள் கல்லுல அவன் கைத் தடத்தைப் பார்த்துத்தான் கம்பளத்தை விரிக்கச் சொன்னேன்."

"கையுறையைக் கழட்டுங்க."

கழற்றினார். வலது மணிக்கட்டில் நகம் கீறிய கோடுகள் சிவந்து கிடந்தன.

சன்னோக்கின் போன் அடித்தது. மேயரின் செயலாளர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா முடிவு? கைதுன்னா ஆகட்டும், தப்பில்ல. மூணு மணிக்கு மேல பண்ணிக்கலாமே? போட்டோவுல டைரக்டர் நிக்கணும். பேர் வேற கல்லுல இருக்கு..."

நாம்குங்கே முகத்தைச் சுளித்தார். சன்னோக் பதில் சொல்லாமல் லைனை வெட்டினாள்.

"தேகில். பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பு. அரங்கம் இன்னிக்குத் திறக்காது. அந்தக் கல் உடையற வரைக்கும் திறக்காது."

"உடைக்க நானே ஆள் அனுப்பறேன்" என்றார் நாம்குங், தரையைப் பார்த்தபடி. "மஞ்சள் கல்லை யாரும் தொடக்கூடாது."

*

மஞ்சள் தொப்பிப் பிள்ளைகள் பேருந்தில் ஏறின. ஒன்று மட்டும் ஜன்னல் வழியே தேகிலுக்குக் கையசைத்தது. உள்ளே என்ன இருந்தது, எதிலிருந்து தப்பித்தோம் என்று அதற்குத் தெரியாது.

"மேடம்... நான் அப்பவே ஓடியிருந்தா அவர் பிழைச்சிருப்பாரா?"

சன்னோக் புதிய மிட்டாயின் காகிதத்தைப் பிரித்தாள். வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட அதைக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை உனக்குச் சொல்ல மாட்டேன். உன் மேல ரிப்போர்ட் எழுதுவேன். ஒரு வரிகூடக் குறைக்க மாட்டேன்."

"எழுதுங்க மேடம்."

"அதே ரிப்போர்ட்ல, உண்மையைச் சொன்னதும் நீதான்னு எழுதுவேன். அதையும் குறைக்க மாட்டேன். சஸ்பெண்ட் ஆகிற வரைக்கும் லாக்கப் டியூட்டி பாரு. போ."

மாலை. லாக்கப்.

மெங்கின் கோட்டு, பெல்ட், நெஞ்சில் குத்தியிருந்த பட்டுப்பூ எல்லாம் தட்டில் வாங்கி வைக்கப்பட்டிருந்தன. மனிதர் இரண்டு மணி நேரமாக நெளிந்துகொண்டிருந்தார். கடைசியில் கம்பியருகே வந்தார்.

"தம்பி... பாத்ரூம் போகணும்."

"அதோ மூலையில சார்."

மெங் பார்த்தார். இடுப்பளவுத் தடுப்பு. அதுவும் தரையைத் தொடாமல், ஒரு சாண் மேலே.

"இதென்னப்பா, கதவு பாதிதான் இருக்கு? மேல எல்லாம் தெரியும்போல. கீழயும் தெரியும்போல. இதுக்கெல்லாம் ஒரு விதிமுறை கிடையாதா?"

"யோம் சார் இங்க வரைக்கும் வரல சார்" என்றான் தேகில். நாற்காலியைத் திருப்பி, தடுப்புக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். "கூச்சப்படாமப் போங்க. அடியில கால் தெரியுதான்னு நான் பார்த்துச் சொல்றேன்... இந்தத் தடவை நிஜமாவே தெரியும்."